அரிமா சங்கக் கூட்டத்துக்கு யாரைப் பேச அழைப்பது?

மாத்திரைச்சீட்டு:

எல்லோருக்கும் வணக்கம். தென்மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊர் எங்களுடையது. பேருந்து நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஆறு வருடமாக உள்ளூர் அரிமா சங்கத்தில் (லயன்ஸ் கிளப்) உறுப்பினர். இந்த ஜூலை 1-ஆம் தேதியிலிருந்து செயலாளர் பொறுப்பு என் தலையில்.

மாதம் இரண்டு கூட்டம், ஆக வருடத்துக்கு 24. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு சிறப்பு விருந்தினர் பேசுவது எங்கள் சங்கத்து வழக்கம். இதுவரை மூன்று கூட்டம் முடிந்திருக்கிறது. முதலில் வந்தவர் தன்னம்பிக்கைப் பேச்சாளர். 20 நிமிடம் என்று சொல்லியிருந்தும் 1 மணி 20 நிமிடம் பேசினார். பின்வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. இரண்டாவதாக வந்தவர் சேமிப்பு பற்றிப் பேச வந்து, கடைசியில் எல்லோருக்கும் பாலிசி விண்ணப்பம் கொடுத்துவிட்டுப் போனார். மூன்றாமவர் கடைசி நேரத்தில் வரவில்லை. எங்கள் சாசனத் தலைவரே (சங்கத்தின் முதல் தலைவர்) எழுந்து, சங்கம் ஆரம்பித்த கதையை மறுபடி சொன்னார்.

இது ஒரு பக்கம். சேவைத் திட்டங்கள் இன்னொரு பக்கம். போன வருடப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். நோட்டுப் புத்தகம், சக்கர நாற்காலி இரண்டு, ஒரு கண் முகாம், ஒரு ரத்ததான முகாம், 200 மரக்கன்று. அந்தக் கன்றுகளை நட்ட புறவழிச்சாலைக்குப் போன ஞாயிற்றுக்கிழமை நானே ஸ்கூட்டியில் போய் எண்ணினேன். 11 இருக்கின்றன.

பேச வருகிறவர்களுக்கும் நாங்கள் செய்யும் காரியங்களுக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கிறது. பேச்சு பேச்சாகப் போகிறது, பணம் பணமாகப் போகிறது. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? உறுப்பினர்கள் 38 பேர், கூட்டத்துக்கு வருவது 20 பேர். பேச்சாளருக்குப் பெரிய தொகை கொடுக்க வசதியில்லை. பொன்னாடை, கேடயம், சாப்பாடு அவ்வளவுதான். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை:

நான் ரோட்டரிக்காரன், எங்களுக்கு வாரம் ஒரு கூட்டம். உங்கள் கஷ்டம் இரண்டு மடங்காக எங்களுக்கு உண்டு.

முதலில் நேரம். அழைக்கும்போது "வந்து ஏதாவது பேசுங்கள்" என்று சொல்லாதீர்கள். தலைப்பை நீங்களே கொடுங்கள், அதையும் கேள்வியாகக் கொடுங்கள். "நீர் மேலாண்மை" என்று கொடுத்தால் ஒரு மணி நேரம் ஓடும். "நம் ஊர் ஊருணிக்கு ஏன் மூன்று வருடமாகத் தண்ணீர் வரவில்லை?" என்று கேட்டால், பதில் தெரிந்தவர் 15 நிமிடத்தில் சொல்லி முடிப்பார். முந்தின நாள் போன் செய்து நேரத்தை ஒருமுறை ஞாபகப்படுத்துங்கள். தன் வியாபாரத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்பதையும் அப்போதே தயங்காமல் சொல்லிவிடலாம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

இரண்டாவது, 24 கூட்டத்துக்கு 24 விஷயம் வேண்டாம். வருடத்துக்கு ஒன்றை எடுங்கள். ரோட்டரியில் எங்களுக்குப் பாடம் போலியோதான். 1979-ல் பிலிப்பைன்ஸ் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுப்பதில் ஆரம்பித்தார்கள். 1985-ல் அதை உலகம் முழுவதற்குமான திட்டமாக்கினார்கள். நம் நாட்டில் கடைசியாகக் காட்டுவகைப் போலியோ (இயற்கையாகப் பரவும் வகை) கண்டது 2011 ஜனவரி 13-ஆம் தேதி, ஹவுராவில் ஒரு பெண் குழந்தைக்கு. 2014 மார்ச் 27-ல் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இன்னும் ஒழியாததால் இன்றைக்கும் அதற்குப் பணம் சேர்க்கிறோம். வருடா வருடம் புதிதாக ஒன்றைத் தேடியிருந்தால் இது நடந்திருக்குமா?

கரிசக்காட்டு வாத்தியார்:

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். 11 மரக்கன்றை எண்ணிப் பார்த்த செயலாளரை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அதனாலேயே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நான் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அரிமா சங்கத்தில் 22 வருடம், அதில் நான்கு முறை செயலாளர். நானும் உங்களைப் போலத்தான் ஆரம்பித்தேன். பேராசிரியர், வங்கி மேலாளர், பட்டிமன்றப் பேச்சாளர் என்று தேடித் தேடி அழைத்தேன். எல்லோரும் நன்றாகத்தான் பேசினார்கள்.

எங்கள் எண்ணத்தை மாற்றியது ஒரு தையல்காரர். ஒரு வருடம் ஏழைப் பெண்கள் பத்துப் பேருக்குத் தையல் இயந்திரம் கொடுத்தோம். அரிமா மாவட்ட ஆளுநர் வந்தார், பேப்பரில் படம் வந்தது. அடுத்த வருடம் சுயதொழில் பற்றிப் பேச உள்ளூர் தையல்காரர் ஒருவரை அழைத்தோம். அவர் பேச்சை ஆரம்பித்ததே, "ஐயா, நீங்கள் கொடுத்ததில் நாலு மிஷின் என்னிடம்தான் விற்பனைக்கு வந்தது" என்றுதான். மண்டபம் அமைதியாகிவிட்டது. அவர் குறை சொல்ல வரவில்லை, விவரம் சொன்னார். ரெடிமேட் வந்த பிறகு புதுத்துணி தைக்கக் கொடுப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது, ஓரம் அடிப்பது, ரவிக்கை, பள்ளிச் சீருடையைப் பிரித்துத் தைப்பது, இவற்றுக்குத்தான் ஊரில் ஆள் இல்லை. அதற்கு ஓரம் அடிக்கும் இயந்திரம் வேண்டும், மூன்று மாதம் கூட உட்கார்ந்து கற்றுக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். பத்து இயந்திரம் வாங்கிய பணத்தில் இரண்டு பேருக்கு முழுசாகச் செய்திருக்கலாம் என்றார்.

அந்த மனிதரை ஒரு வருடம் முன்பே அழைத்திருக்க வேண்டும். எனக்கு உறைத்தது அதுதான். நாங்கள் காரியத்தை முடித்துவிட்டுப் பேச்சாளரை அழைத்தோம். முதலில் அழைத்துக் கேட்டிருக்க வேண்டும்.

நம் சங்கத்தின் சரித்திரமே அப்படித்தான். அரிமா சங்கம் 1917-ல் சிகாகோவில் தொடங்கியது. பார்வையற்றோர் பணி நம் அடையாளம் ஆனது ஒரு விருந்தினர் பேச்சால். 1925 ஜூன் 30, அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து சீடர் பாயின்ட் என்ற இடத்தில் மாநாடு. ஹெலன் கெல்லர் பேச வந்தார். பார்வையும் கிடையாது, செவியும் கேட்காது. 45 வயது முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. தன்னையே அவர்கள் வாசலைத் தட்டும் ஒரு வாய்ப்பாகச் சொல்லி, இருட்டை எதிர்க்கும் போரில் பார்வையற்றோரின் வீரர்களாக நீங்கள் வர மாட்டீர்களா என்று கேட்டார். ஐந்து வருடம் கழித்து பியோரியா என்ற ஊரில் ஓர் அரிமா உறுப்பினர், கறுப்புக் கோலோடு சாலையைக் கடக்க ஒரு பார்வையற்றவர் திணறுவதைப் பார்த்து, கோலுக்கு வெள்ளை அடித்துச் சிவப்புப் பட்டை போடலாம் என்று யோசனை சொன்னார். நாம் இன்றைக்கும் நடத்தும் கண் முகாம்கள் எல்லாம் அந்தப் பேச்சின் வழி வந்தவை. கவனித்துப் பாருங்கள், அன்றைக்குப் பேசியவர் கண் டாக்டர் இல்லை, பார்வை இல்லாதவர்.

சரி, எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கியது. அவர்களுடைய முகாம் முறை உங்களுக்கும் தெரிந்திருக்கும். இடம், விளம்பரம், வருகிறவர்களுக்கு ஏற்பாடு எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. பரிசோதனையும் அறுவை சிகிச்சையும் மருத்துவமனையின் பொறுப்பு. கண்புரை என்று தேர்வானவர்களைப் பேருந்தில் அழைத்துப்போய், லென்ஸ் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். நாங்கள் தை மாதம் தவறாமல் நடத்தினோம். ஆட்டோவில் மைக் கட்டி சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் சொல்வோம். ஆனால் எங்களுக்கு நன்றாகத் தெரிந்த பாட்டிகள், எதிரே வந்து நின்றால் குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிறவர்கள், முகாமுக்கு வரவே மாட்டார்கள். அறியாமை என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம்.

தையல்காரர் வந்துபோன பிறகு எனக்குத் தோன்றியது, முகாமுக்கு வராத ஒருவரை அழைத்துப் பேச வைத்தால் என்ன? கிராமச் செவிலியரிடம் சொன்னேன். அந்தம்மா பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பாட்டியைக் கூட்டி வந்தார். பாட்டி மேடை ஏற மறுத்துவிட்டார். நாங்கள் எல்லோரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவரைச் சுற்றி உட்கார்ந்தோம். பேச்சு என்று எதுவும் இல்லை, நாங்கள் கேட்டோம், அவர் சொன்னார்.

"தை மாசிலதான பருத்தி எடுப்பு, மொளகா எடுப்பு? அப்ப வந்து கண்ணக் காட்டுன்னா எப்படி வர?" இது முதல் பதில். ஐம்பத்திரண்டு வாரத்தில் அவருக்குக் கூலி நிச்சயமாகக் கிடைக்கும் வாரங்களைப் பார்த்து நாங்கள் முகாம் வைத்திருக்கிறோம். வெயில் காலத்தில் ஏன் வைக்கவில்லை என்று யாரோ கேட்டார்கள். வெயிலில் மண்டபத்துக்கு ஏசி வாடகை அதிகம் என்பது எங்கள் பொருளாளர் சொன்ன உண்மையான காரணம். அவரும் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்புறம் இன்னொன்று சொன்னார். "கண்ணு தெரியலன்னு வெளிய சொன்னா வேலைக்குக் கூப்புட மாட்டாக. பருத்திய நான் கையால தடவித்தான எடுக்கேன்." இரண்டு வருடமாகத் தடவித் தடவிப் பருத்தி எடுத்திருக்கிறார். ஆட்டோவில் மைக் வைத்து, "கண் தெரியாதவர்கள் வாருங்கள்" என்று ஊர் நடுவில் கூப்பிட்டால் அவர் எப்படி எழுந்து வருவார்?

அந்த வருடமே முகாமை ஆனி மாதத்துக்கு மாற்றினோம். எங்கள் பக்கம் புரட்டாசி விதைப்பு வரை காட்டில் வேலை அதிகம் இருக்காது. மைக்கை நிறுத்தினோம். செவிலியரும் சுய உதவிக் குழுப் பெண்களும் வீடு வீடாகப் போய் "எல்லாரும் கண்ணைப் பரிசோதிக்கலாம், கண்ணாடி வேணும்னாலும் பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னார்கள். ஊரில் இல்லாத நாட்களில் ஆட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று பாட்டி சொன்னதால், தெருவுக்கு ஒரு பெண்ணிடம் அந்தப் பொறுப்பையும் ஒப்படைத்தோம். மூன்று நாள் ஆடு மேய்க்க ஒரு சங்கம் கூலி கொடுத்தது என்றால் கணக்கு ஆய்வில் கேட்பார்கள்தான். கேட்டார்கள், சொன்னோம். அந்த ஆனியில் பாட்டி முதல் ஆளாக வந்து பேருந்தில் ஏறினார். கூடவே அவர் தெருவிலிருந்து ஒன்பது பேர்.

பாலாற்றங்கரை நண்பர் வருடத்துக்கு ஒரே விஷயம் என்கிறார். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். எதை எடுப்பது என்று முடிவு செய்ய முதல் நான்கைந்து கூட்டமாவது ஊரைக் கேட்கச் செலவாக வேண்டும். குப்பை எடுக்கும் அம்மா, 108 ஓட்டுநர், சத்துணவு அமைப்பாளர், பஸ் நிலையத்துப் பூக்காரர், சக்கர நாற்காலி வாங்கிப் போனவர் என்று அழைத்துக் கேளுங்கள். உங்கள் கடைக்கு வருகிறவர்களில் யாராவது இருப்பார்களே. ஊரில் யாருக்கு என்ன நோய், யார் கடன் சொல்லி மாத்திரை வாங்குகிறார்கள் என்று மருந்துக்கடைக்குத் தெரிகிற அளவு டாக்டருக்குக்கூடத் தெரியாது.

பொன்னாடை பற்றி. தினக்கூலிக்காரரை அழைத்தால் அவருடைய ஒரு நாள் கூலியையும் பஸ் செலவையும் கவரில் வைத்து, கூட்டம் தொடங்கும் முன்பே தனியாகக் கொடுத்துவிடுங்கள். மேடையில் கொடுக்காதீர்கள். அவர் விருந்தினர், பயனாளி கிடையாது. சாப்பாட்டை முதலில் போடுங்கள், பேச்சை அப்புறம் வையுங்கள். படம் எடுப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பாட்டி வேண்டாம் என்றார், எங்களிடம் படம் கிடையாது.

ரத்த வங்கி ஊழியர்:

அக்கா, நான் அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் ஆய்வக நுட்புநர். சங்கங்கள் என்னைப் பேசக் கூப்பிடுவது உண்டு. ரத்ததானத்தின் பெருமையைப் பற்றிப் பேசச் சொல்வார்கள். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் சொல்ல ஆசைப்படுவதை யாரும் கேட்பதில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன்.

முகாமைச் சுதந்திர தினத்துக்கும் தலைவர் பிறந்தநாளுக்கும் வைக்காதீர்கள். அக்டோபர் 1 தேசிய தன்னார்வ ரத்ததான நாள் என்று அன்றைக்கே எல்லாச் சங்கமும் வைக்கின்றன. சிவப்பணுவை 35 முதல் 42 நாள் வரைதான் வைத்திருக்க முடியும், தட்டணுவை (பிளேட்லெட்) ஐந்தே நாள். ஒரே வாரத்தில் குவிந்தால் என்ன செய்வது? ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரி விடுமுறை, கொடுக்க ஆள் இருக்காது. ஆனால் பிரசவமும் விபத்தும் விடுமுறை பார்ப்பதில்லை. முகாமுக்குத் தேதி குறிக்கும் முன் ரத்த வங்கிக்கு ஒரு போன் செய்து, "உங்களுக்கு எப்போது குறைகிறது?" என்று கேளுங்கள். அந்த ஒரு போன் போதும்.

இன்னொன்று. 18 முதல் 65 வயது, 45 கிலோவுக்குக் குறையாத எடை, ஹீமோகுளோபின் 12.5. ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். முகாமுக்கு ஆசையாக வருகிற பெண்களில் பலரை ஹீமோகுளோபின் குறைவு என்று திருப்பி அனுப்புகிறோம். சாப்பிடுவதற்கு பிஸ்கட் கொடுத்து அனுப்பிவிடுவதோடு சரி. அவர்களுடைய பெயரை எழுதிவைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, மாத்திரை வாங்கிக்கொடுத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க ஏற்பாடு செய்தால் அதுவும் ஒரு சேவைத் திட்டம்தானே அக்கா? ரத்தம் கொடுக்க வந்தவருக்கே ரத்தம் இல்லை என்று தெரிந்த பிறகு எப்படி விடுவது? எனக்கு அது ரொம்ப நாளாக மனதை உறுத்துகிறது. நீங்கள் கூப்பிட்டால் வருகிறேன், 15 நிமிடம் போதும்.

மாத்திரைச்சீட்டு:

தாமதமாக எழுதுகிறேன், மன்னியுங்கள். இடையில் ஒரு கூட்டம் முடிந்துவிட்டது, அதைச் சொல்லிவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

வாத்தியார் ஐயா மருந்துக்கடையைப் பற்றி எழுதியதைப் படித்த அன்று, கல்லாவில் உட்கார்ந்து யோசித்தேன். வாரம் இரண்டு முறை காலை ஐந்தரை மணி பஸ்ஸுக்கு நிற்கிற ஒரு குடும்பம் உண்டு. அண்ணன் ஆட்டோ ஓட்டியவர், சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்கிறார். அக்கா கூடப் போவார். அவர்களைத்தான் அழைத்தேன். முதலில் மறுத்தார்கள், "நாங்க வந்து என்ன பேச?" என்று. நான் கேள்வி கேட்கிறேன், நீங்கள் பதில் மட்டும் சொல்லுங்கள் என்றேன்.

எங்கள் சங்கத்தில் இந்த வருடம் டயாலிசிஸ் இயந்திரம் ஒன்று வாங்கிக் கொடுக்கலாம் என்று ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நன்கொடை கேட்டு இரண்டு பேருக்குக் கடிதம்கூடப் போட்டாயிற்று. அந்த அக்கா சொன்னதைக் கேட்ட பிறகு எல்லோரும் யோசிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் அவர்களுக்கு இலவசம். இயந்திரத்துக்குக் காத்திருப்பதும் இல்லை. கஷ்டம் போய் வருவதில்தான். மாவட்டத் தலைநகர் மருத்துவமனைக்கு 41 கிலோமீட்டர். காலையில் பஸ்ஸில் போய்விடலாம். டயாலிசிஸ் முடிந்த பிறகு தலைசுற்றலோடு, கையில் கட்டோடு, பஸ்ஸில் நின்றுகொண்டு வர முடியாது. ஒருமுறை திரும்பும் வழியில் மயங்கி விழுந்திருக்கிறார். கார் பிடித்தால் ஒரு நாளுக்கு அக்காவின் நான்கு நாள் கூலி போய்விடுகிறது. அதனால் சில வாரம் ஒரு முறையோடு நிறுத்திக்கொள்கிறார்களாம். அதைச் சொல்லும்போது அந்த அண்ணன் அக்காவைப் பார்க்கவே இல்லை.

நம் ஊரிலிருந்து இப்படி எத்தனை பேர் போகிறார்கள் என்று தலைவர் கேட்டார். அக்கா விரல் விட்டு எண்ணி ஆறு பேர் சொன்னார். எல்லோரும் ஒரே பஸ்ஸில் பழக்கமானவர்கள். திங்கள், வியாழன் மூன்று பேர், செவ்வாய், வெள்ளி மூன்று பேர்.

சாப்பாட்டை முதலில் போட்டதால் யாரும் எழுந்து போகவில்லை. பத்தரை மணி வரை உட்கார்ந்திருந்தோம். உறுப்பினர் ஒருவர் பழைய ஆம்னி வேன் கொடுக்கிறேன் என்றார். ஓட்டுநர் சம்பளத்துக்கும் பெட்ரோலுக்கும் 14 பேர் மாதாமாதம் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மத்தியானத் திரும்பும் பயணம் மட்டும் முதலில் ஆரம்பிக்கலாம் என்று முடிவு. கடிதம் போட்ட இரண்டு பேரிடமும் தலைவரே பேசி விவரம் சொல்கிறார். கூலிக் கவரை ஐயா சொன்னபடி முன்னாடியே கொடுத்தேன். வாங்கத் தயங்கி, அப்புறம் வாங்கிக்கொண்டார்கள்.

ரத்த வங்கித் தங்கை, உங்களை அடுத்த மாதம் இரண்டாவது வெள்ளிக்கு எழுதிவைத்திருக்கிறேன், இரவு ஏழரை மணி. கட்டாயம் வர வேண்டும். ஹீமோகுளோபின் விஷயத்தைத்தான் பேச வேண்டும்.

வாத்தியார் ஐயாவிடம் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. நோயாளிகளை ஏற்றிப் போகும் வேனுக்குச் சங்கத்தின் பெயரில் காப்பீடு எடுக்க வேண்டுமா, இல்லை வண்டிக்காரர் பெயரிலேயே இருக்கலாமா? வழியில் ஏதாவது ஒன்று என்றால் யார் பொறுப்பு என்று பொருளாளர் கேட்கிறார், எனக்குப் பதில் தெரியவில்லை.

கரிசக்காட்டு வாத்தியார்:

சொந்த வண்டி என்ற பதிவில் ஓடுகிற வேனாக இருந்தால், ஏற்றிப் போகிறவர்களுக்குக் காப்பீடு செல்லுமா என்பதுதான் முதல் கேள்வி. பாலிசித் தாளை எடுத்துக்கொண்டு நேரே காப்பீட்டு அலுவலகத்துக்குப் போங்கள், இன்ன காரியத்துக்கு ஓட்டப்போகிறோம் என்று எழுதிக் கொடுத்து எழுத்திலேயே பதில் வாங்குங்கள். வாய்வார்த்தையாக வாங்காதீர்கள். அது கையில் வரும்வரை வாடகைக் காரே ஓடட்டும், வாரம் இரண்டு முறை விட்டுப்போகக் கூடாது. முதல் மாத வாடகையில் ஒரு பங்கு நான் அனுப்புகிறேன், கணக்கு எண்ணைத் தனிச்செய்தியில் போடுங்கள்.